இடது தொடையில் ஓர் அம்பு

முதலில் தட்டுப்பட்டது குளிக்கும்போது.
பட்டாணி அளவு. வலியில்லை.
வலித்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.
ஆட்டின் மடியில் கட்டி என்றால்
அன்றைக்கே விரலால் அமுக்கிப் பார்த்து
வைத்தியரைக் கூப்பிடுகிறவன்,
எனக்கு என்றதும்
குளிர்காலத் தீனிவேலை முடியட்டும் என்றேன்.
ஏழு வாரம்.

மெரியானாதான் வண்டியை ஓட்டினாள்.
இன்வர்கார்கில் வரைக்கும் மழை.
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது.

ஸ்கேன் எடுத்த பெண்
குளிர்ந்த களிம்பைத் தடவிக்கொண்டே
ரக்பி பேசினாள், ரோடு பேசினாள்,
பிறகு பேசவில்லை.
ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள்.
எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

அறுப்பதற்கு முன்னால்
ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி,
உள்ளே தாழிட்டுக்கொள்ள ஓர் அறை,
சுவரில் யாரோ வரைந்த ஏரி.
முப்பத்தொரு வயதில்
விதைக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன்,
பஞ்சம் வருமென்று தெரிந்துகொண்ட வீட்டைப் போல.
குப்பியின் மேல் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
லாக்லன், க் வரும், என்று
திருத்தச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

சிலிக்கான் காய் ஒன்று வைத்துவிடலாம் என்று
மூன்று அளவில் காட்டினார்கள்.
மெரியானா நடுவிலிருந்ததை எடுத்து
கடையில் தக்காளி பார்ப்பதுபோல் அமுக்கிப் பார்த்து
திரும்ப வைத்தாள்.
என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எந்தப் பக்கம், என்று கேட்டார்
டாக்டர் வான் நீகெர்க்,
என் படங்களெல்லாம் அவர் கையில் இருக்க.
இடது என்றேன்.
கறுப்பு மார்க்கரால் இடது தொடையில்
மேல்நோக்கி ஓர் அம்பு போட்டார்.
நாங்களும் இப்படித்தான் டாக்டர்,
கறிக்குப் போகிற ஆட்டின் முதுகில்
நீலக் கோடு இழுப்போம்.
அவர் சிரிக்கவில்லை.

நோய் ஓரிடம், வெட்டு வேறிடம்.
இடுப்பு மடிப்பு வழியே
கொடியோடு இழுத்தெடுப்பார்களாம்.
பத்திலிருந்து கீழே எண்ணு என்றார்கள்.
ஆடு எண்ணிப் பழகிய வாய்,
ஜோடி ஜோடியாகத்தான் வந்தது:
பத்து, எட்டு, ஆறு

வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தலையணை வைத்து
வீடு வந்தேன்.
எங்கள் சரளைக்கல் சாலையில் இத்தனை குழி என்று
அன்றுதான் தெரிந்தது.
ஆறு வாரத்துக்குக் கெட்டிலைவிடக் கனமாக
எதையும் தூக்கக்கூடாது.
நனைந்த குட்டிகளை மெரியானா ஒருத்தியாகவே
கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.
அடுப்பருகே அவற்றுக்குப் புட்டிப்பால் கொடுத்தேன்.
நாய் என்னை மன்னிக்கவில்லை.
சோப்புப் போடப்போட
அம்பு மங்கியது. போகவில்லை.

ஐந்தாம் வாரம், காயடிக்கும் நாள்.
ஸ்ட்ரூவன் இடுக்கியும் ரப்பர் வளையமும் கொண்டுவந்தான்,
கூடவே ஒன்பது வயது மகள் ஐலித்.
எல்லாரும் 'வேலை' என்றார்கள்.
வேலை எப்போது ஆரம்பிக்கலாம்,
வேலைக்கு எத்தனை குட்டி.
இருபது வருடமாய் இந்தப் பட்டியில்
அந்தச் சொல்லை வைத்துச் சொல்லாத
கெட்ட ஜோக் கிடையாது.
இன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
ஸ்ட்ரூவன் வளையத்தை விரித்துப் பிடித்தபடி
என்னைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான்,
முதுகைத் திருப்பிக்கொண்டு
மாட்டிவிட்டான்.

உனக்கும் ரப்பர்தான் போட்டார்களா?
ஐலித் வேலியில் உட்கார்ந்து கேட்டாள்.
அவள் அப்பன் முகம் வெளுத்தது.
இல்லை, கத்தி. ஒன்றை விட்டுவிட்டார்கள்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
அப்போ நீ இன்னும் கிடாதான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
தையல் போட்ட இடம் தீயாய் எரிந்தது.
நிறுத்த முடியவில்லை.
ஸ்ட்ரூவனும் ஆரம்பித்தான், பிறகு மெரியானா,
அவள் சிரிப்பு பாதியில் வேறொன்றாகி
கையுறையால் முகம் துடைத்ததில்
நெற்றியெல்லாம் ஆட்டு ரத்தம்.

ரத்தத்தில் எண்கள் இறங்கிவிட்டன என்கிறார்கள்.
டிசம்பரில் இன்னொரு ஸ்கேன்.
அதற்குப் பிறகும் இன்னொன்று.

அன்று சாயங்காலம் எனக்குக் கொடுத்த வேலை
அறுத்த வால்களைக் குவித்து எண்ணுவது.
எப்போதும்போல் இரண்டிரண்டாக ஆரம்பித்தேன்.
கலைத்துவிட்டு
ஒன்றொன்றாக எண்ணினேன்.
இருட்டும்வரை ஆனது.
ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.